நம்ம ஏரியா கிளப்புக்கு காசு எங்க கேக்கறது?

கேள்வி: அண்ணா, வியாசர்பாடில நாங்க 30 பசங்க சாயங்காலம் ஃபுட்பால் ஆடுறோம், இருக்கிறது ரெண்டே பந்து, அதுல ஒண்ணு தையல் பிரிஞ்சு பிளாடர் வெளிய தெரியுது. இத கிளப்பா மாத்தணும், உதவிக்கு யார்கிட்ட போறது?

பதில்: தம்பி, காச விடு, மொதல்ல பேப்பர புடி. 1975 சங்கங்கள் பதிவு சட்டத்துல 7 பேர் இருந்தாலே பதிவு பண்ணலாம், அப்புறம் சங்கத்து பேர்ல பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட். இது இல்லாம ஒருத்தன் ஜிபேல காசு வாங்குனா ஆறே மாசத்துல சண்டை தான், பார்த்திருக்கேன். மணலி, எண்ணூர் பக்கம் எவ்ளோ கம்பெனி இருக்கு, பெரிய லாபம் பாக்கறவங்க அதுல 2 சதவீதம் சிஎஸ்ஆர்னு, அதாவது சமூகத்துக்கு உதவுற வேலைக்கு, செலவு பண்ணியாகணும், ஃபுட்பால் பயிற்சியும் அதுல வரும், ஆனா உங்க கைக்கே வரணும்னா 12ஏ, 80ஜினு வருமான வரித்துறைல வாங்குற வரிவிலக்கு பதிவுங்க, 3 வருஷ வேலை கணக்குனு கேப்பாங்க, அதனால இப்போதைக்கு அதெல்லாம் வச்சிருக்கற ட்ரஸ்ட் கூட சேந்து போங்க. எம்எல்ஏ நிதி காசா வராது, கிரவுண்டுக்கு லைட்டு, வேலினு வேலையா தான் வரும், அதுக்கு இடம் யாருதுன்னு பாத்துக்கங்க. இன்னைக்கே ஒரு நோட்டு போட்டு பசங்க பேரு, வயசு, வந்த நாள் எழுதுங்க.

பந்துக்கா? டீக்கடை, மெக்கானிக் ஷெட்டுல ஆளுக்கு 200 கேளுங்க, ஜெர்சி முதுகுல கடை பேர் போடுறோம்னு சொல்லுங்க.