உறையும் தேங்காய் எண்ணெய்

கேள்வி: மார்கழி விடியலில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் வெண்மையாக உறைந்துவிடுகிறது, சாளை மீன் எண்ணெய் உறைவதில்லை. உறைந்தால்தான் சுத்தம் என்கிறார் மாமியார். மெழுகு கலந்திருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எது சரி? பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் தேங்காய்ப் பாலில் கொழுப்புப் பரிசோதனை செய்தும் முடிவு விளங்கவில்லை என்கிறாள்.
- வாசகி, குளச்சல்

பதில்: இருவர் சொல்வதும் சரியல்ல. எண்ணெய் எதுவானாலும், அதன் பெரும்பகுதி, கிளிசரால் என்ற சிறு மூலக்கூறு ஒன்றுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் (நீண்ட கார்பன் சங்கிலிகள்) எஸ்டர் என்னும் வேதிப் பிணைப்பால் சேர்ந்த மூலக்கூறுகளே. வேறுபாடு அந்த அமிலங்களில்தான் இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றவை, அதாவது சங்கிலியின் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. அவற்றுள் 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலமே மொத்தத்தில் பாதியளவு வரும். இந்தச் சங்கிலிகள், கட்டி வைத்த ஈர்க்குகளைப் போல நெருங்கி அடுக்காக அமைவதால், வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் எண்ணெய் உறையத் தொடங்குகிறது. சாளை எண்ணெயிலோ ஐந்து, ஆறு இரட்டைப் பிணைப்புகள் உள்ள நீண்ட அமிலங்கள் கணிசமாக உண்டு. ஒவ்வொரு பிணைப்பிலும் சங்கிலி வளைவதால் அவை நெருங்க முடிவதில்லை. நம் செல் சவ்வுகள் இறுகிப்போகாமல் நெகிழ்வாக இருப்பதற்கும் அவற்றை உருவாக்கும் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகளில் உள்ள இத்தகைய வளைவுகள் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே உறைவது தேங்காய் எண்ணெயின் இயல்பு. அதற்கு மெழுகு தேவையில்லை. ஆனால் அது தூய்மைக்குச் சான்றும் ஆகாது, ஏனெனில் லாரிக் அமிலம் மிகுந்த பனங்கொட்டை எண்ணெயும் (செம்பனையின் பருப்பிலிருந்து எடுப்பது) உறையும்.

தங்கள் மகள் தேர்ந்த பொருளில்தான் சிக்கல். கொழுப்பு இருந்தால் நீர் வெண்மையாவதே இச்சோதனையின் அடையாளம். தேங்காய்ப் பாலோ ஏற்கெனவே நீரில் கொழுப்புத் துளிகள் மிதக்கும் பால்மம். வெண்மையாக இருப்பதில் வெண்மை தோன்றியதா என்று எப்படிக் கண்டறிவது? நன்கு உலர்ந்த கொப்பரையை இடித்து, ஈரமில்லாத சோதனைக் குழாயில் எத்தனால் ஊற்றிக் குலுக்கி, மண்டி அடியில் தங்கியபின் மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை மட்டும் நீரில் ஊற்றச் சொல்லுங்கள். எத்தனாலில் கரைந்த கொழுப்பு நீரில் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிவதால், நீர் பால்போல் கலங்கும். முதலிலேயே நீர் சேர்த்துவிட்டால் கொழுப்பு சரியாகக் கரையாது. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இச்சோதனை கொழுப்பு இருப்பதை மட்டுமே காட்டும். எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. கலப்படச் சந்தேகத்துக்கு ஆய்வகத்தில் 'அயோடின் எண்' என்ற அளவை (எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்பதை) பார்க்க வேண்டும். இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட அது உயரும்: தேங்காய் எண்ணெய்க்குப் பெரும்பாலும் 10-க்குள் நிற்கும்; பனங்கொட்டை எண்ணெய்க்கு அதைவிட மேலே செல்லும்; வழக்கமான சூரியகாந்தி எண்ணெய்க்கு 100-ஐத் தாண்டும்.