ஆயில் குறைகிறதா? முதலில் அளந்து பாருங்கள்! – கார் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது வைப்பரைப் பற்றியும் டயரைப் பற்றியும் கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் எஞ்சின் ஆயிலைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் பெட்ரோல் கார் 2015-இல் வாங்கியது, 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ் முடிந்து மூன்று, நான்கு மாதங்களில் ஆயில் குறைந்துவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் நீல நிறப் புகை வருவதாக என் மகள் சொல்கிறாள். மெக்கானிக்கோ, ‘பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது) பார்க்க வேண்டும், 60,000 ரூபாய் ஆகும்’ என்கிறார். செய்துவிடலாமா? – அம்பத்தூர் வாசகர்

வேண்டிய விவரங்கள் ஏறக்குறைய எல்லாமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி குறைந்தது என்ற கணக்கு மட்டும் இல்லை. அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வீட்டிலோ அலுவலகத்திலோ சமதளமான ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, எப்போதும் அதே இடத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் அணைத்து, பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். முதலில் உருவியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், நூல் உதிராத துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் உள்ளே செலுத்தி எடுத்த பிறகே பார்க்க வேண்டும். அந்தக் கம்பியில் உள்ள மேல்கோடு வரை சரியாக ஆயிலை நிரப்பி, அன்றைய கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும், மில்லி அளவு குறித்த கோப்பையால் மீண்டும் அதே கோடு வரை ஊற்றுங்கள். (சமையலறை அளவுக்கோப்பை இதற்குப் போதும், ஆனால் அதைத் திரும்ப அங்கே கொண்டு வைக்காதீர்கள்.) ஊற்றிய அளவே எஞ்சின் செலவழித்த அளவு. டிப்ஸ்டிக்கைக் கண்ணால் பார்த்து ‘கால் பங்கு குறைந்திருக்கிறது’ என்று சொல்வதில் பிழை வருவது எளிது. கோப்பையால் அளந்தால் அந்தப் பிழை பெரும்பகுதி நீங்கும். அப்படியும் ஒருமுறை கிடைத்த கணக்கை நம்பாமல், அடுத்தடுத்து மூன்று முறையாவது செய்து பாருங்கள்.

பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பிடிப்பது ஏறத்தாழ 1 லிட்டர். உற்பத்தியாளர்களின் கையேடுகள் பலவற்றில், 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் வரை குறைவதை ஏற்கத்தக்கதாகவே எழுதியிருப்பார்கள். வாரண்டி கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப வசதியான எண் அது என்பது என் எண்ணம். உங்கள் கார் ஓடியிருக்கும் தூரத்துக்கு, 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி என்றால் அதை மறந்துவிடலாம். 200, 300 மில்லி என்றால் காரைத் தாராளமாக ஓட்டலாம்; ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றியாக வேண்டும். சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் மொத்தமே 3 லிட்டர் அளவுக்குத்தான் ஆயில் பிடிக்கும். 200 மில்லி வீதம் குறைந்தாலும் அடுத்த சர்வீஸுக்குரிய 10,000 கிலோமீட்டருக்குள் 2 லிட்டர் காணாமற்போயிருக்கும். ‘சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று இருந்துவிட்டவர்களின் எஞ்சின்கள்தான் பேரிங் தேய்ந்த நிலையில் பட்டறைக்கு வருகின்றன. அரை லிட்டரைத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

தேடும்போது முதலில் ஒழுக்கைப் பாருங்கள். இரவில் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டால், காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் போல்ட், கிராங்க் ஆயில் சீல் ஆகியவைதான் வழக்கமாகக் கசியும் இடங்கள். வால்வு கவரிலிருந்து கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்து அங்கேயே எரிந்துவிடுவதும் உண்டு. அட்டையில் ஒரு சொட்டும் இருக்காது, சிக்னலில் நிற்கும்போது கருகிய வாடை மட்டும் வரும்.

கசிவு இல்லையென்றால் ஆயில் எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது என்று பொருள். இங்கேதான் உங்கள் மகள் சொன்னது முக்கியமாகிறது. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் கிளப்பியதும் குப்பென்று நீலப் புகை வந்து உடனே நின்றுவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வால்வு சீலை. இறுகிப்போன ரப்பர் சீல் வழியாக இரவில் ஆயில் மெல்ல இறங்கித் தேங்கி, முதல் சில விநாடிகளில் எரிந்து தீர்கிறது. கத்திப்பாரா மேம்பாலத்து இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கீழே வந்து மீண்டும் மிதிக்கும்போது பின்னால் ஒரு புகைத் திரள் தெரிந்தாலும் அதே வால்வுப் பகுதிதான். ரிங் தேய்ந்த எஞ்சின் வேறு விதமாக நடந்துகொள்ளும்: சுமையோடு ஏறும்போதும், அழுத்தி மிதிக்கும்போதும் தொடர்ந்து புகையும், இழுவையும் குறைந்திருக்கும்.

ஆகவே போர் வேலைக்கு முன்பு கம்ப்ரஷன் சோதனை செய்து தரும்படி கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் முதலில் உலர்ந்த நிலையில் அழுத்தத்தை அளந்து, பிறகு ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஆயில் விட்டதும் அழுத்தம் நன்றாக உயர்ந்தால் குறை ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. உயராமல் தாழ்ந்தே நின்றால் வால்வு சரியாக அமரவில்லை அல்லது ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கிறது. இரண்டு முறையும் எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் சரியாக இருந்தால் சீல்மீது உள்ள சந்தேகம் வலுக்கிறது. இந்தச் சோதனைக்காகக் கழற்றிய ஸ்பார்க் பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே ஒரு செய்தித்தாளின் மேல் வைக்கச் சொல்லுங்கள். மூன்று பிளக்குகள் வெளிர் பழுப்பாகவும் ஒன்று மட்டும் ஈரமான கரி படிந்தும் இருந்தால், எந்தச் சிலிண்டரில் ஆயில் இறங்குகிறது என்பதை நீங்களே பார்த்துவிடலாம். கிராங்க் அறையின் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விலை குறைந்த அந்தச் சிறு பொருள் கெட்டதாலேயே ஆயில் குடித்த எஞ்சின்கள் உண்டு. வால்வு சீல்தான் காரணம் என்றால், பல எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சீலை மாற்றிவிட முடியும்.

கேள்வி: நகரத்துக்குள் ஓட்டும்போது துளியும் குறையாத ஆயில், மதுரைக்குப் போய் வந்தால் மட்டும் அரை லிட்டர் குறைகிறதே? – கொளத்தூர் வாசகர்

நகரத்துக்குள் குறையவில்லை என்பதே பாதி தோற்றமாக இருக்கலாம். மூன்று, நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கே ஓடி நிற்கும் காரில் ஆயில் போதிய அளவு சூடேறுவதில்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் அதில் கலந்து, எரிந்துபோன ஆயிலின் இடத்தை நிரப்பி, டிப்ஸ்டிக்கில் அளவை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடியதும் அவை ஆவியாகிவிட, பல வாரக் குறைவு ஒரே பயணத்தில் தெரிகிறது. போய்வர 900 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் பயணம் என்பதையும் மறக்க வேண்டாம். ஊரிலிருந்து திரும்பியதும் அளவு பாருங்கள்; அதுதான் உண்மைக்கு நெருக்கமானது.

கேள்வி: எல்லாருக்கும் ஆயில் குறைகிறது, எனக்கோ கூடுகிறது! பி.எஸ்.6 டீசல் கார், தினமும் பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் போய் வருகிறேன். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கிறது. நல்லதுதானே? – சோழிங்கநல்லூர் வாசகர்

நல்லதில்லை, குறைவதைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்னும் வாகனப் புகை மாசு விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் உள்ளே சேர்ந்த கரியை எரிக்க, பல கார்களில் எஞ்சினே வழக்கத்துக்கு மாறாகத் தாமதமாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி வெப்பத்தைக் கூட்டுகிறது. அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் இறங்குகிறது. ஊர்ந்து ஊர்ந்து போய், எரிப்பு முடியும் முன்பே வண்டியை அணைத்துவிட்டால், அது மறுநாள் மறுபடி தொடங்கும்; ஒவ்வொரு தொடக்கத்துக்கும் இன்னும் கொஞ்சம் டீசல் உள்ளே போகும். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை தெரியும். ஆயிலும் தண்ணீராக ஓடும். அப்படி நீர்த்த ஆயிலால் பேரிங்கைக் காக்க முடியாது. அளவு மிக அதிகமானால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பியும் நிற்காமல் வெறிகொண்டு ஓடும் அபாயமும் உண்டு.

கிலோமீட்டர் கணக்குக்குக் காத்திராமல் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள், கையேட்டில் டி.பி.எஃப். வண்டிக்கென்று சொல்லியுள்ள, சாம்பல் குறைவாக விடும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை, நெரிசல் இல்லாத அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சீரான வேகத்தில் போய் வாருங்கள். அரை மணி நேரத் தொடர் ஓட்டம் பெரும்பாலும் போதும். அதன் பிறகும் அளவு ஏறினால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: கையேட்டில் 0டபிள்யூ-20 என்று இருக்கிறது. சென்னை வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் ஆயில் குறையாது என்கிறார்களே? – பெரம்பூர் வாசகர்

குறைவது சற்று மட்டுப்படலாம். ஆனால் மெல்லிய ஆயிலுக்கென்று அமைத்த நுண்ணிய வழிகளில் கெட்டி ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும், மைலேஜும் இறங்கும். நம் ஊர் வெயில் 40 டிகிரி என்றால், எஞ்சினுக்குள் ஆயில் 100 டிகிரியை ஒட்டி வேலை செய்கிறது. எஞ்சினை வடிவமைத்தவர்கள் அதை அறிந்தேதான் எழுதியிருக்கிறார்கள். கையேடே 5டபிள்யூ-30-ஐ மாற்றாக அனுமதித்திருந்தால் அதுவரை போகலாம்.

கேள்வி: மேம்பாலத்து வளைவில் திரும்பும்போது எண்ணெய்க் கிண்டி போன்ற சிவப்பு விளக்கு ஒரு விநாடி எரிந்து அணைகிறது. ‘சென்சார் கோளாறு, பயப்படாதீர்கள் அம்மா’ என்கிறார் ஓட்டுநர். – தாம்பரம் வாசகி

ஓட்டுநர் சொல்வதை ஏற்காதீர்கள், அம்மா. அந்த விளக்கு பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஆயில் மிகவும் குறைந்தபின், வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் ஒரு கணம் காற்றை உறிஞ்சும்; அந்தக் கணத்தில் விளக்கு எரியும். எனக்கே இது நேர்ந்திருக்கிறது. சர்வீஸ் எடுத்த மூன்றாம் நாள், பரனூர் சுங்கச்சாவடியில் பிரேக் பிடித்தபோது விளக்கு கண் சிமிட்டியது. ஓரம் கட்டி டிப்ஸ்டிக்கை உருவினால் நுனியில்கூட ஈரமில்லை. சம்ப் போல்ட்டின் பழைய வாஷரையே திரும்பப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், வழியெல்லாம் சொட்டியிருக்கிறது. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கும். விளக்கு எரிந்ததும் பாதுகாப்பாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அளவு பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால் வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள். கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்து பார்த்த பிறகு சென்சாரைக் குறை சொல்லலாம்.

கேள்வி: போன மழையில் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்தபின் ஸ்டார்ட் செய்யலாமா? ஆயில் பால் கலந்த தேநீர் போல இருக்கிறது. – வேளச்சேரி வாசகர்

சாவியைத் தொடவே வேண்டாம். ஆயில் அந்த நிறமாகியிருக்கிறது என்றால் தண்ணீர் சம்ப் வரை போய்விட்டது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அழுந்தாது. ஸ்டார்ட்டர் சுழற்றும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இப்படி ஒரே ஒரு முறை சாவியைத் திருப்பி எஞ்சினை இழந்தவர்களை அறிவேன். 2024 அக்டோபரில் உங்கள் பகுதி மக்கள் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தியதைப் பலர் கேலி செய்தார்கள், நான் செய்யவில்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். அங்கே ஆயிலை வடித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி மாற்ற வேண்டும். கியர் பாக்ஸ் ஆயிலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பியதால் ஏற்படும் சேதத்தைச் சாதாரண காப்பீட்டில் பொதுவாக ஏற்க மாட்டார்கள். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். வண்டியை நகர்த்தும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி புகைப்படமும், பால் நிறத்தில் இருக்கும் அந்த டிப்ஸ்டிக்கின் புகைப்படமும் எடுத்து வையுங்கள்.