அண்ணாவின்ர படத்தில பெயர் போடுறதோ?

தங்கச்சி, மறியலில இருக்கிற அண்ணா கொப்பித் தாளில பேனையால கீறின படங்களை யாழ்ப்பாணத்தில காட்சிக்கு வைக்க ஆசை, அயல்சனம் கதைக்குமெண்டு அம்மா பயப்பிடுறா எண்டு எழுதியிருந்தீங்கள். பெயர் போடுறதை அண்ணாவே முடிவெடுக்கட்டும். அடுத்தமுறை பார்க்கப் போகேக்க கேளுங்கோ. பிரித்தானியாவில கைதிகளின்ர கலைக்கெண்டு 1962இல தொடங்கின கோஸ்லர் விருதுக் கண்காட்சியில அவையின்ர பெயரைப் போடுறேல்லை. அமெரிக்காவில மிச்சிகன் பல்கலைக்கழகம் 1996இல இருந்து நடத்திற கைதிகளின்ர கண்காட்சியில பெயர் போடுவினம். விற்ற காசும் கீறினவருக்குத்தான். ரெண்டுமே மரியாதையான வழி. ஆனா என்ன குற்றமெண்டு மட்டும் படத்துக்குப் பக்கத்தில எழுத விடாதேங்கோ, தயவுசெய்து. வழக்கு முடியேல்லையெண்டால் முதல்ல சட்டத்தரணியிட்டக் கேளுங்கோ.

இன்னொண்டு, படங்களை லாமினேட் பண்ணிப்போடாதேங்கோ, பிறகு கழற்றேலாது. பேனை மை வெளிச்சத்தில மங்கும். வெயில் படாத சுவரில, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள வையுங்கோ.