புகார் சொன்னவருக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: அண்ணே, நாங்கள் நண்பர்கள் சேர்ந்து படகுக்காரர்களுக்காக ஒரு செயலி செய்திருக்கிறோம். வலை போட்ட இடத்தைக் குறித்துவைக்கலாம், திரும்பிவர வழி பார்க்கலாம். அதன் உதவிப் பக்கங்களை எழுதி வடிவமைத்தது நான். கறுப்புப் பின்னணி, சாம்பல் எழுத்து, ஓரத்தில் மெனு. கூடப் படித்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். ஆனால் படகுக்காரர்கள், 'ஒண்ணுமே தெரியல', 'எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போடு', 'நீ காட்டுற இடமே தப்பு' என்கிறார்கள். விளக்கமாகப் பதில் எழுதினால் கோபம்தான் கூடுகிறது. என் பதில்களையும் இணைத்திருக்கிறேன்.
- பாம்பன் வாசகர்

பதில்: படித்தேன் தம்பி. 'மெனுவில் மூன்றாவதாக இருக்கிறதே, பார்க்கவில்லையா?' என்று ஒருவருக்கு எழுதியிருக்கிறாய். பார்த்திருந்தால் அவர் ஏன் கேட்கப்போகிறார்?

'இடமே தப்பு' என்றவரை எடுத்துக்கொள். 'கணக்கு சரிதான், நீங்கள்தான் தவறாகப் படித்தீர்கள்' என்று அவருக்கு எழுதியிருக்கிறாய். உன் பக்கத்தில் இடத்தை 9.28 என்று தசமப் பாகையில் காட்டுகிறாய். படகில் இருக்கிற ஜிபிஎஸ் கருவிகளில் பாகையும் நிமிடமுமாகப் பார்த்துப் பழகியவர் அதை 9 பாகை 28 நிமிடம் என்றுதானே படிப்பார். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே உண்மையில் அது 9 பாகை 16.8 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். ஆக 11.2 கடல் மைல், 20 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளிப்போகிறது. எல்லைக்கோடு பக்கத்திலேயே ஓடுகிற இந்தக் கடலில் இது விளையாட்டா? அந்த மனிதர் கோபப்பட்டது உன் நல்ல நேரம், பேசாமல் செயலியைத் தூக்கிப்போட்டுப் போயிருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. பக்கத்தை இன்றைக்கே மாற்று, அப்புறம் 'அண்ணே, நீங்க சொன்னதால இப்போ பாகையும் நிமிஷமுமா மாத்திட்டேன், ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க' என்று எழுது. அது போதும். விளக்கம் தேவையில்லை.

'ஒண்ணுமே தெரியல' என்றால் நிஜமாகவே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் நெறிமுறைகளே சொல்கின்றன. அது குறைந்தபட்சம்தான். உச்சிவெயிலில் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நிற்கிறவருக்கு வெள்ளையில் கறுப்பு எழுத்தே கொடு.

ஒரே பக்கம் கேட்டவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம். புகார் சொல்கிறவருக்கு எங்கே இடிக்கிறது என்பது நன்றாகத் தெரியும், அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வது ஒரு யோசனைதான், அப்படியே செய்யவேண்டும் என்றில்லை. அவரிடம் 'எங்க இருக்கும்போது பாத்தீங்க?' என்று கேள். கரையைவிட்டுத் தள்ளிப்போனால் சிக்னல் இல்லை, மெனுவைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்காது, கரையிலேயே திறந்துவைத்த ஒரு நீளப் பக்கம்தான் கடைசிவரை நிற்கும். அவர் அதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அப்படியானால் உதவிப் பக்கங்களைச் செயலிக்குள்ளேயே வைத்துவிடு, மெனுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ஐந்து பேரிடம் போனைக் கொடுத்து, ஒரு வேலையைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார். இப்படிச் சோதித்துப் பார்க்க ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். வாயை மூடுவதுதான் உனக்குச் சிரமமாக இருக்கும்.

கேள்வி: நான் ஒரு பில் போடும் மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுதுகிறேன். பாதிப் பேர் 'படம் போடுங்கள்' என்கிறார்கள், மீதிப் பேர் 'படம் பழசு, திரை வேறு மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
- கீழக்கரை வாசகி

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்கலாம் தங்கச்சி. முழுத் திரையையும் படமெடுத்துப் போடுவதால்தான் ஓரத்தில் ஒரு பொத்தான் நகர்ந்தாலும் படம் பழசாகிவிடுகிறது. வார்த்தையால் சொல்ல முடியாத இடத்தில் மட்டும் படம் போடுங்கள், அதிலும் அந்தப் பொத்தானைச் சுற்றி மட்டும் வெட்டிப் போடுங்கள், கீழே எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். 'படம் பழசு' என்றவர்களிடம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அதிலிருந்து ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அடுத்த பதிப்புக்குள் பார்த்துக்கொள்ளலாம், அதை அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.