நரம்பு வேரில் போடும் ஊசி டிஸ்க்கைச் சரிசெய்யுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையே கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். மூன்று மாதமாக இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கும் வலி. கீழ்முதுகின் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் (மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்ஆர்ஐயில் வந்திருக்கிறது. மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் வலி கேட்கவில்லை. எக்ஸ்-ரேயில் பார்த்தபடி முதுகில் ஊசி போடலாம் என்கிறார்கள். போட்டால் கால் விழுந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். அவருக்குச் சர்க்கரை உண்டு. சில மாதங்களுக்கு முன்பு இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மூன்று மாதமாகியும் வலி தணியாதவருக்கு இந்த ஊசியை யோசிப்பது நியாயமே. ஆனால் அது பிதுங்கிய டிஸ்க்கை உள்ளே தள்ளுவதுமில்லை, கரைப்பதுமில்லை. டிஸ்க்கின் அழுத்தத்தாலும் அதிலிருந்து கசியும் வேதிப்பொருட்களாலும் நரம்பின் வேர் அழற்சியுற்று வீங்குகிறது. அந்த அழற்சியைத்தான் ஊசியிலுள்ள ஸ்டீராய்டு தணிக்கிறது. பிதுங்கிய பகுதி பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்கிவிடுவதால், அதுவரை நடக்கவும் உறங்கவும் உடற்பயிற்சி செய்யவும் முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பதே இதன் பயன். அந்தப் பலனும் சில வாரங்களோ சில மாதங்களோதான் நீடிக்கும். சிலருக்குக் கிடைப்பதே இல்லை. ஒரே ஊசியில் நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கால் விழுந்துவிடும் என்ற பயம் முழுக்கக் கற்பனையல்ல. ஆனால் அது மிக மிக அரிது. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஸ்டீராய்டு ஊசி போடுவதால் அரிதாகப் பக்கவாதமோ கால் செயலிழப்போ நேரலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014ஆம் ஆண்டில் எச்சரித்தது. துகள்கள் கொண்ட ஸ்டீராய்டு, தண்டுவடத்துக்குப் போகும் தமனிக்குள் தவறிச் சென்று அடைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. அதனால்தான் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, சி-ஆர்ம் என்ற எக்ஸ்-ரே கருவியின் படத்தைப் பார்த்தபடியே ஊசிமுனையை நரம்பு வெளியேறும் துளைக்கு அருகே கொண்டுசெல்கிறார்கள். பிறகு சிறிது சாயத்தைச் செலுத்தி, அது இரத்தக்குழாய்க்குள் ஓடாமல் நரம்பை ஒட்டிப் பரவுகிறதா என்று பார்த்துவிட்டே மருந்தைச் செலுத்துகிறார்கள். துகளற்ற ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் போடுவார்களா என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

உங்கள் கணவர் விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது ஸ்டென்ட்தான். மாத்திரையை நிறுத்தாமல் ஊசி போட்டால் தண்டுவடத்தருகே இரத்தம் கசியலாம். ஸ்டென்ட் வைத்த புதிதில் நிறுத்தினாலோ மாரடைப்பே வரலாம். எனவே நிறுத்துவதா, எத்தனை நாள், அல்லது ஊசியையே தள்ளிப்போடுவதா என்பதை இதய மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதால், அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

ஊசி போட்ட அன்றே வீடு திரும்பலாம். ஆனால் கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம் என்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. ஸ்டீராய்டு வேலைசெய்யச் சில நாட்களாகும். வலி குறைந்ததும் மறுநாளே டிரெய்லரில் நாள் முழுதும் உட்காருவது வேண்டாம்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், ஊசிக்கான தேதியை எதிர்பார்த்திராமல், இரவானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.