கேரருக்கு ஃபர்லோ இல்லையா?

கேள்வி: லண்டன் ஹரோவில் நான்கு வருடமாக வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் கேரர் நான். ஸீரோ அவர்ஸ் (இத்தனை மணி நேர வேலை என்று உறுதி தராத) ஒப்பந்தம்தான், ஆனாலும் வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. நான் பார்த்தவர்களில் இருவர் ஏப்ரலில் இறந்துவிட்டார்கள், ஒருவர் நர்சிங் ஹோமுக்குப் போய்விட்டார். ஏப்ரல் நடுவில் எனக்கும் இருமல் வந்து 7 நாள் தனிமையில் இருந்தேன். அதற்குக் காசு தரவில்லை. மே முழுக்க ரோட்டா (வேலை அட்டவணை) வெறுமை. ஃபர்லோ (கொரோனாவால் வேலையில்லாமல் நிற்பவரின் சம்பளத்தில் ஒரு பங்கை அரசு கம்பனிக்குத் தரும் திட்டம்) கேட்டால், "ஸீரோ அவர்ஸுக்கும் இல்லை, கேரருக்கும் இல்லை" என்கிறார் மனேஜர். கணவருக்குப் பகுதி நேர வேலை. என்ன வழி?

பதில் (2020 ஜூன் 3): சகோதரி, முதலில் கலண்டரைப் பாருங்கள். இதுவரை ஃபர்லோவில் இல்லாத ஒருவரைப் புதிதாக அதில் சேர்க்கக் கடைசி நாள் ஜூன் 10. ஆகவே இன்றே ஈமெயில் எழுதுங்கள். ஃபோனில் கேட்டால், கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

மனேஜர் சொன்னதில் முதல் பாதி பிழை. மார்ச் 19க்குள் உங்கள் சம்பள விவரம் எச்எம்ஆர்சிக்கு (வரித் துறை) போயிருந்தால் ஸீரோ அவர்ஸ்காரரையும் சேர்க்கலாம். போன வருடம் இதே மாதம் வாங்கியது, 2019–20 வரி வருடத்தின் மாதச் சராசரி, இரண்டில் எது கூடவோ அதன் 80 வீதம் கிடைக்கும். இரண்டாம் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. அரசுப் பணம் தொடர்ந்து வரும் கம்பனிகள் ஃபர்லோவுக்குப் போகாமல் வழமைபோலச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அரசு எதிர்பார்க்கிறது. சரி, அப்படியென்றால் இதைக் கேளுங்கள்: என் மணி நேரங்களுக்குக் கவுன்சில் இன்னும் பணம் தருகிறதா? தந்தால் என் சம்பளம் எங்கே? தராவிட்டால் ஃபர்லோவுக்கு என்ன தடை?

ஆனாலும் முடிவு கம்பனியின் கையில்தான். ஃபர்லோ தரவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ட்ரைபியூனலில் (தொழிலாளர் வழக்கு மன்றம்) வெல்வது கடினம்.

கட்டாயம் தர வேண்டியவை வேறு இருக்கின்றன. அந்த 7 நாளுக்கு, முதல் நாளிலிருந்தே ஸ்டாட்யூட்டரி சிக் பே (சட்டப்படி கம்பனி தர வேண்டிய நோய்க்காலச் சம்பளம்) உண்டு. வாரச் சராசரி 120 பவுண் இருந்தால் போதும், வாரத்துக்கு 95.85 பவுண். மறுத்தால் எச்எம்ஆர்சியிடம் முறையிடலாம். எடுக்காத லீவு இருந்தால் இப்போது எடுங்கள். ஏப்ரல் 6இல் வந்த விதிப்படி, லீவுச் சம்பளத்தைக் கடந்த 52 வாரச் சராசரியில் கணக்கிட வேண்டும். சம்பளமே இல்லாத வாரங்களை அதில் சேர்க்கக் கூடாது.

நீங்கள் அனுப்பிய பெப்ரவரி பே ஸ்லிப்பையும் ரோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலை 7.30 முதல் 8 வரை ஒரு வீடு, அரை மணி நேர பஸ், 8.30 முதல் 9 வரை அடுத்த வீடு. ஒன்றரை மணி நேரம் ஓடியதற்கு ஒரு மணி நேரக் காசு, 9 பவுண். அதாவது மணிக்கு 6 பவுண். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 8.21. முதல் வீட்டுக்குப் போகும் நேரம் கணக்கில் வராது, வீட்டுக்கு வீடு போகும் நேரம் வரும். மாதச் சம்பளத்தை மொத்தமாகப் பார்த்தும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால் அது சட்டவிரோதப் பிடித்தம். கடைசிச் சம்பளம் ஏப்ரல் 30 என்றால் ஜூலை 29க்குள் ஏகாஸில் (வழக்குக்கு முன் சமரசம் பேசும் அமைப்பு) பதிய வேண்டும். எனக்கு உங்கள் வழக்கில் இதுதான் பலமாகத் தெரிகிறது.

வீட்டுச் செலவுக்கு: நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ (வேலை தேடுவோருக்கான அரசு உதவிப் பணம்) வாரம் 74.35 பவுண். நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்பீடு) ஒழுங்காகக் கட்டியிருந்தால் கிடைக்கும்; கணவரின் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட்டுக்கு (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு உதவி) அதைப் பார்ப்பார்கள், சேமிப்பையும் பார்ப்பார்கள் (சீட்டு எடுத்து வைத்த காசும் சேமிப்புதான்). முதல் காசு வர ஐந்து வாரமாகும். பிள்ளைகளுக்கு டாக்ஸ் கிரெடிட் (பழைய வகை அரசு உதவித்தொகை) வாங்குகிறீர்களா? யுனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்த உடனே அது நின்றுவிடும், திரும்ப எடுக்க முடியாது. கணக்குப் பார்த்த பிறகு போடுங்கள்.

வேறு கம்பனியில் கேரர் வேலை கிடைத்தால், ஒப்பந்தம் தடுக்காவிட்டால் போகலாம். ஃபர்லோவில் இருந்தாலும் போகலாம். இங்கே ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அப்புறம், ரோட்டா ஆப்பில் உள்ள பழைய வாரங்களை இன்றிரவே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளை உங்கள் லாகினை மூடிவிட்டால் அந்த பஸ் நேரங்களை நிரூபிக்க வேறு எதுவும் இருக்காது.