‘கரண்ட்’ என்று நாம் சொல்வது எதை?

மின்சாரம் என்ற சொல்லில் வரும் ‘மின்’ எது?

மின்னலில் இருக்கும் அதே மின்தான், மின்மினியிலும் அதுவே. ஆங்கிலச் சொல் வந்த வழி வேறு. அம்பர் என்ற பழைய மரப்பிசினைத் துணியில் தேய்த்தால் சின்னச் சின்னத் துரும்புகளை இழுக்கும். அந்த அம்பருக்குக் கிரேக்கர் வைத்த பெயர் எலெக்ட்ரான். அதிலிருந்து 1600-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கில்பர்ட் ஒரு லத்தீன் சொல்லை உண்டாக்கினார். 1646-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பிரவுன் ‘எலக்ட்ரிசிட்டி’ என்று எழுதினார். மின்னலும் மின்சாரம்தான் என்று சோதனையில் உறுதியானது 1752-இல். தமிழ்ச் சொல் அதற்குப் பிறகு வந்தது, அதனால் அந்த உறவைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

கரண்ட், வோல்டேஜ், பவர் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ‘கரண்ட் போயிடுச்சு’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது, அதில் தவறில்லை. ஆனால் வயரில் கை வைக்கும்போது இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்து. கரண்ட் என்பது மின்னோட்டம், ஆம்பியரில் அளப்பது. வோல்டேஜ் அதைத் தள்ளுகிற அழுத்தம். ஸ்விட்சை அணைத்தால் ஓட்டம் நிற்கும். ஸ்விட்ச் வரை வருகிற வயரில் அழுத்தம் அப்படியே இருக்கும். ஸ்விட்சை நியூட்ரலில், அதாவது ஓட்டம் திரும்பிப் போகும் வயரில், மாட்டியிருந்தால் பல்பு ஹோல்டர் வரைக்கும்கூட இருக்கும். தொட்டால் உங்கள் உடல் வழியே ஓட்டம் தொடங்கிவிடும், ஈரக் கை என்றால் இன்னும் சுலபமாக. ‘லைட்டை அணைத்துவிட்டேனே, கரண்ட் இல்லை’ என்று நம்பி ஹோல்டரைக் கழற்றாதீர்கள். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

அப்புறம் பவர். அது மின்திறன், வாட்டில் சொல்வது.

அப்படியானால் யூனிட்?

திறனை நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல். 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 10 வாட் எல்இடி பல்பு அதே 1 யூனிட்டில் 100 மணி நேரம் எரியும்; 2000 வாட் கீசர் அரை மணியில் தீர்த்துவிடும். சிக்கனம் பார்ப்பவர்கள் முதலில் சூடாக்கும் சாதனங்களைக் கவனிக்க வேண்டும்.

செய்தித்தாளில் வரும் மின்தடையும் பாடப்புத்தக மின்தடையும் ஒன்றா?

இல்லை. செய்தியில் சப்ளை நின்றுபோவது. பாடத்தில் ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை, அலகு ஓம். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது முதலாவதை மின்வெட்டு என்றே சொல்லிவிடுவது நல்லது.

மின்னஞ்சல், மின்னூலில் உள்ள மின்?

அது மின்னணு (எலக்ட்ரானிக்) என்பதன் சுருக்கம்.

ஸ்விட்ச் போட்டதும் லைட் எரிகிறதே, வயரில் நகரும் எலக்ட்ரான் என்ற நுண்துகள்கள் அவ்வளவு வேகமா?

கிடையாது. தண்ணீர் நிரம்பிய குழாயின் ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் உடனே கொட்டுமே, அது மாதிரி. தள்ளல்தான் வேகமாகப் போகிறது. எலக்ட்ரான்கள் நகர்வது மிக மெதுவாக. வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்திலோ அவை எங்கும் பயணம் போவதே இல்லை. நொடிக்கு 50 அல்லது 60 முறை, இருந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்கின்றன.